வாச்சர்களை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்காதீர்கள்: ஒரு புலிகள் காப்பகக் கள இயக்குநருக்குத் திறந்த மடல்

கள இயக்குநர் அவர்களுக்கு,

நாம் வாச்சர்கள் என்று அழைக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களை வரும் நிதியாண்டு முதல் தனியார் ஆள் வழங்கும் நிறுவனம் மூலம் அமர்த்திக்கொள்வது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து சரகங்களுக்குப் போன சுற்றறிக்கையை வாசித்தேன். எனக்கு எப்படிக் கிடைத்தது என்று விசாரணை வைக்க வேண்டாம். அதில் ரகசியம் ஏதுமில்லை. வாச்சர்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்கும் வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டின் ஐந்து புலிகள் காப்பகங்களில் உங்களுடையது எது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எந்தக் காப்பகத்தில் இந்த முடிவை எடுத்தாலும் என் ஆட்சேபம் இதுதான்.

வனவராகச் சேர்ந்து வனச்சரக அலுவலராக, அதாவது சரகராக, ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கழிந்தது. வேலையில் இருக்கும்போது இப்படி வெளிப்படையாக எழுத நடத்தை விதிகள் விடாது. இப்போது மெமோ கொடுக்க ஆளில்லை, எழுதுகிறேன்.

நிர்வாகச் சுமை குறையும், சம்பளம் காலத்தோடு போகும், 'எதிர்காலச் சட்டச் சிக்கல்கள்' தவிர்க்கப்படும் என்கிறது சுற்றறிக்கை. வாச்சர் பணி நிரந்தரம் கேட்டு நீதிமன்றம் போகக்கூடாது என்பதைத்தான் கடைசிக் காரணம் சுற்றி வளைத்துச் சொல்கிறது என்று காப்பகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த உரிமையைப் பற்றி வாச்சர்களே பேசுவார்கள், பேச வேண்டும். நான் பேச வந்தது வேறொன்று. இந்த முடிவால் உங்கள் காப்பகத்தின் வேட்டை வழக்குகள் ஒவ்வொன்றாக விழும். குற்ற வழக்குகளை மேற்பார்வை செய்த சரகன் என்ற முறையில் அது எப்படி நடக்கும் என்பதை விளக்க வேண்டியது என் கடமை.

சரகர் என்றால் யானை விரட்டுகிறவர், தீ அணைக்கிறவர், மரக்கன்று நடுகிறவர் என்று வெளியே நினைக்கிறார்கள். அமைச்சரின் விருந்தினருக்கு ஓய்வு விடுதி ஏற்பாடு செய்கிறவர் என்றும் சிலருக்குத் தெரியும் (ரோந்து ஜீப் கோழி வாங்கப் போன நாட்களும் உண்டு, அதை இன்னொரு மடலில் வைத்துக்கொள்ளலாம்). ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவரை ஒரு புலனாய்வு அதிகாரியாகவே நிறுத்துகிறது. 50ஆம் பிரிவின்படி சோதனை போடலாம், கைப்பற்றலாம், வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். 55ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் முறையீட்டைத் தாக்கல் செய்ய வேண்டியதும் நம் துறைதான். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கை கழுவ முடியாது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. போலீஸ் குற்றப்பத்திரிகையில் தொடங்கும் வழக்குக்கும் நம்மைப் போல் முறையீட்டில் தொடங்கும் வழக்குக்கும் நடைமுறை வேறு. நம் வழக்கில் குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பே சாட்சிகள் கூண்டேற வேண்டும். குற்றச்சாட்டு வனைந்த பிறகு குறுக்கு விசாரணைக்கு அதே சாட்சிகள் திரும்பவும் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆண்டுகள் ஓடும். நடுவர் மாறுவார், அரசு உதவி வழக்கறிஞர் மாறுவார், சரகர் இரண்டு முறை மாற்றலாகிப் போயிருப்பார். மாறாமல் அதே காட்டில் இருப்பவர் வாச்சர் ஒருவர்தான்.

அந்த வாச்சர் என்ன சாட்சி சொல்கிறார் என்பதையும் பாருங்கள். பைக்கின் கிளட்ச் கம்பியில் செய்த சுருக்கு ஒன்றைச் சொல்கிறேன். கம்பி பளபளக்காமல் இருக்க நெருப்பில் காட்டிக் கருக்கியிருப்பார்கள். மானோ பன்றியோ போகும் தடத்தின் இரண்டு பக்கமும் உண்ணிச்செடிக் கிளைகளை வெட்டிச் சாய்த்து, விலங்கு அந்தச் சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று செய்திருப்பார்கள். வெட்டிய கிளையில் இலை வாடும் முன்பு நாம் பத்தடி தள்ளி நடந்தாலும் கண்ணில் படாது. எனக்குப் பட்டதில்லை. என் சரகத்திலிருந்த காட்டுநாயக்கர் பழங்குடி வாச்சர் ஒருவர், முன்னால் போய்க்கொண்டிருந்தவர், நின்றார். குனியவில்லை, தொடவில்லை. மரத்தின் அடியில் பட்டை ஒரு விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்ததைக் காட்டினார். கம்பியை இழுத்துக் கட்டியதில் ஏற்பட்ட தேய்மானம். பால் இன்னும் உலரவில்லை, நேற்றுச் சாயங்காலம் கட்டியிருக்கிறார்கள், விடியும்போது வந்து பார்ப்பார்கள் என்றார். சுருக்கை அவிழ்க்காமல் விட்டுவிட்டு, காற்றின் திசை பார்த்து எங்களை உட்கார வைத்தவரும் அவர்தான். விடிவதற்குச் சற்று முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரிடம் நாட்டுத் துப்பாக்கி, இன்னொருவரிடம் கோணிப்பை. பைக்குள் முந்தைய வேட்டையின் இறைச்சி.

கைப்பற்றியவற்றைப் பதிவு செய்யும் மகஜரை டார்ச் வெளிச்சத்தில் முழங்காலில் அட்டை வைத்து எழுதினேன். இறைச்சி மாதிரியைப் புட்டியில் போட்டு அரக்கு வைக்கத் தீக்குச்சி கிழித்தால் காற்று அணைக்கிறது. வாச்சர்தான் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தார். மகஜருக்குச் சாட்சிக் கையெழுத்து யார் போடுவது? ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள், பிடிபட்டவர் யாருக்காவது மச்சானாக இருப்பார். கடைசியில் வாச்சர்கள்தான் போட்டார்கள். ஏறக்குறைய எல்லா வேட்டை வழக்கிலும் இப்படித்தான். தடம் பார்த்தவர், ஆளைப் பிடித்தவர், கைப்பற்றியதற்குச் சாட்சி என மூன்று இடத்திலும் அதே பெயர்கள். வண்டலூரிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ ஆய்வக அறிக்கை வந்து இது கடமான் இறைச்சி என்று சொல்லும். அந்த இறைச்சி இன்னார் கையில் இன்ன இடத்தில் இருந்தது என்று சொல்ல வாச்சரை விட்டால் ஆளில்லை.

இப்போது நீதிமன்றத்துக்கு வாருங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாச்சரிடம் முதலில் கேட்பது சுருக்கைப் பற்றி இல்லை. நீங்கள் வனத்துறை ஊழியரா? நியமன ஆணை எங்கே? அடையாள அட்டை இருக்கிறதா? அன்று நீங்கள் பணியில் இருந்ததற்கு வருகைப் பதிவேடு உண்டா? சம்பள ரசீதில் 'தினக்கூலி' என்றுதானே இருக்கிறது? இந்தக் கேள்விகளில் எத்தனை வாச்சர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்! காட்டில் யானைக்கு எதிரே நின்றவர், கூண்டில் ஒரு அட்டைக்காகத் தலைகுனிந்து நிற்பார்.

இன்னொரு வழக்கில் வாச்சர் கூண்டுவரைக்கும்கூட வரவில்லை. நான் பணியாற்றிய ஒரு சரகத்தில் தொடர்ந்து சில மாதங்கள் வாச்சர்களுக்குச் சம்பளம் வரவில்லை. முக்கியச் சாட்சியான இளைஞர், வீட்டில் அரிசி இல்லை ஐயா என்று சொல்லிவிட்டுத் திருப்பூருக்கு மில் வேலைக்குப் போனார். சம்மன் அவருடைய குடியிருப்புக்குப் போய் 'ஆள் இல்லை' என்று திரும்பியது. அடுத்த சம்மனும் திரும்பியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை. அவர்களில் ஒருவர் தீர்ப்புக்குப் பிறகு நீதிமன்ற வாசலில் எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

ஒப்பந்த முறை வந்தால் இந்தக் கதையே வழக்கமாகிவிடும். டெண்டர் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ விடப்படும். நிறுவனம் மாறும்போது ஆள் மாறுவார், அல்லது அதே ஆள் வேறு முதலாளியின் பெயரில் வருவார். ஐந்து ஆண்டுகள் கழித்து வரும் சம்மனை எந்த நிறுவனத்தின் எந்த முகவரிக்கு அனுப்புவீர்கள்? வருகைப் பதிவேடு யாரிடம் இருக்கும்? ஒரு தனியார் நிறுவனத்தின் பணியாளர் நள்ளிரவில் புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் எந்த அதிகாரத்தில் இருந்தார், என் கட்சிக்காரரை எந்த அதிகாரத்தில் பிடித்தார் என்று கேட்டால் உங்கள் சரகர் என்ன பதில் சொல்வார்? சட்டத்தின் 60ஆம் பிரிவு நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்கு அரசு அலுவலருக்கும் ஊழியருக்கும் பாதுகாப்புத் தருகிறது. நிறுவனத்தின் ஆளுக்கு அது பொருந்துமா? சுற்றறிக்கையை வரைந்தவர் இதை ஒரு அரசு வழக்கறிஞரிடமாவது கேட்டிருந்தால் அந்தக் கருத்துரையை வெளியிடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது நம் துறையினர் பேசக் கூச்சப்படும் பக்கம். 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்தியில் நடந்ததை மறந்துவிட்டு வனத்துறையின் அதிகாரத்தைப் பற்றி யாரும் பேசக்கூடாது. சந்தன மரம் தேடப்போன வன, காவல், வருவாய்த் துறையினர் அந்த மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததோடு, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. கீழே இருப்பவர் செய்ததற்கு மேலே இருப்பவரும் பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பில் நான் படித்தேன். என் வாச்சர் ஒருவர் ஓர் இருளர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். அவரை நிறுத்தி வைக்கவும் நீக்கவும் என்னால் முடியும், செய்தும் இருக்கிறேன். கடமான் இறைச்சியில் பங்கு வாங்கிய வாச்சரும் உண்டு, அவருக்கு நான் இரக்கம் காட்டவில்லை. நாளைக்கு ஒப்பந்த ஆள் ஒருவர் அப்படிச் செய்தால்? நிறுவனம் அவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டு, நீங்கள் கேட்ட எண்ணிக்கைக்கு இன்னொருவரை அனுப்பும். பொறுப்பு யாருடைய கணக்கிலும் ஏறாது.

யாரை அனுப்பும் என்பதும் கேள்விதான். இன்றைக்கு வாச்சர்களில் பெரும்பாலானோர் காட்டுக்குள்ளும் காட்டோரத்திலும் இருக்கும் குடியிருப்புகளின் பிள்ளைகள். தெற்கே காணிகள், ஆனைமலையில் மலசர், காடர், நீலகிரியில் காட்டுநாயக்கர், இருளர், குறும்பர். 2021 அக்டோபரில் டி23 என்று பெயரிடப்பட்ட புலியை மூன்று வாரம் தேடி, மசினகுடிப் பக்கம் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தோம். ட்ரோனும் கேமராவும் மோப்ப நாயும் கும்கியும் இருந்தன. ஆனால் தடம் பார்த்து, இது அந்தப் புலிதான், இந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொன்னது பழங்குடி வாச்சர்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் புலியை உயிரோடு மைசூருக்கு அனுப்பியிருக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம். சுற்றறிக்கையின் தகுதிப் பட்டியலில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருக்கிறது. தடம் பார்க்கத் தெரிய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. பள்ளிக்கூடம் எட்டாத குடியிருப்பில் பிறந்தவருக்கு இது கதவடைப்பு. சமவெளியிலிருந்து வரும் பையன் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு வருவான், விலங்கைக் கொல்ல வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய் மண்ணில் கிடந்தால் பழமென்று எடுப்பான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவனை அங்கே அனுப்புகிறவர்கள் மேல்தான்.

சம்பளம் தாமதமாகிறது என்பதையே ஒப்பந்த முறைக்குக் காரணமாகக் காட்டுகிறீர்கள். மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டுத் தரும் நிதி சரகத்துக்கு வந்துசேர மழைக்காலமே வந்துவிடும் என்பது உண்மை. நிறுவனம் மட்டும் அதைத் தன் கையிலிருந்து எத்தனை மாதம் போட்டுக் கொடுக்கும்? கொடுத்தாலும் அதற்கான சேவைக் கட்டணத்தை உங்களிடம்தான் வாங்கும். அந்தப் பணம் வாச்சருக்கே போகலாமே. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் நிறுவனம் முறையாகப் பிடித்துக் கட்டும் என்பது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். இத்தனை ஆண்டுகள் அதைத் துறையே ஏன் செய்யவில்லை என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வருகிறது.

வழி இல்லாமல் இல்லை. சட்டத்தின் 38எக்ஸ் பிரிவின்படி புலிகள் காப்பகத்துக்கு என்று ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை இருக்கிறது. நுழைவுக் கட்டணமும் சஃபாரி வருமானமும் அங்கேதான் சேர்கின்றன. அதன் நிர்வாகத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். சஃபாரி வண்டிக்குப் புது இருக்கை போட, வரவேற்பு மையத்துக்குக் கல் பதிக்க அந்த நிதியில் இடமிருக்கும்போது, அரசு நிதி வரும்வரை வாச்சரின் சம்பளத்தை முன்பணமாகக் கொடுக்கவும் இடம் இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணி பார்க்க வரும் புலியைக் காப்பாற்றி வைத்திருப்பவரின் சம்பளம் அது. 2018இல் 264 ஆக இருந்த தமிழ்நாட்டுப் புலிகளின் எண்ணிக்கை 2022 கணக்கெடுப்பில் 306 ஆனது. அந்தக் கணக்கெடுப்புக்குக் கேமராவைத் தோளில் சுமந்துபோய் மரத்தில் கட்டியவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே என் கோரிக்கைகளை நேராகவே சொல்கிறேன். முதலில், சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். வாங்கிய சம்மதக் கையெழுத்துகளைக் கிழித்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் விளக்காமல் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. இப்போது பணியில் இருக்கும் ஒவ்வொரு வாச்சருக்கும் துறையின் முத்திரையோடு அடையாள அட்டையும், என்ன வேலைக்கு அமர்த்தப்பட்டார் என்று தெளிவாகச் சொல்லும் எழுத்துப்பூர்வ ஆணையும் கொடுங்கள். முகாம்தோறும் வருகைப் பதிவேடு வைத்து, சரகர் மாதம் ஒருமுறை கையெழுத்திட்டு, வழக்கு முடியும்வரை அதைப் பாதுகாக்கச் செய்யுங்கள். மாதச் சம்பளம் ஐந்தாம் தேதிக்குள் அறக்கட்டளை முன்பணத்திலிருந்தாவது போக வேண்டும். இதற்கான தீர்மானத்தை அறக்கட்டளையின் அடுத்த கூட்டத்திலேயே வையுங்கள்.

சாட்சி சொல்லப் போகும் வாச்சருக்குப் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் படியும் தரும் வழக்கம் இல்லை. சாட்சிக்கூண்டில் நிற்கும் நாளைப் பணி நாளாகக் கணக்கிடுங்கள். வேட்டை வழக்குகளைப் பார்த்துக்கொள்ளக் காப்பகத்துக்கு ஒரு வழக்கறிஞரை நியமிக்க அரசிடம் கேளுங்கள். 50ஆம் பிரிவின் 8ஆம் உட்பிரிவின்படி சாட்சியம் பதிவு செய்யும் அதிகாரம் உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் கீழே இல்லை. பல சரகங்களுக்கு ஒரே உதவி வனப் பாதுகாவலர் இருப்பதால் சூடு ஆறிய பிறகே வாக்குமூலம் பதிவாகிறது. ஒருவர் விடுப்பில் போனால் இன்னொருவர் உடனே வரும்படி சுழற்சி முறை ஒன்றை உங்கள் உத்தரவிலேயே ஏற்படுத்த முடியும்.

நிரந்தரப் பணியிடங்களுக்கு ஆள் எடுக்கும்போது, ஆண்டுக்கணக்கில் வாச்சராக இருந்த பழங்குடியினருக்குக் கல்வித் தகுதியில் தளர்வும் முன்னுரிமையும் வேண்டுமென்று தலைமைக்கு எழுதுங்கள், எழுதிய கடிதத்தின் நகலைச் சரகங்களுக்கு அனுப்புங்கள். யானையோ காட்டு மாடோ தாக்கி வாச்சர் இறந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

டெண்டர் அறிவிப்பு வெளியாகும் முன் ஒரு நாள் ஒதுக்கி, ஓய்வு விடுதியில் இல்லாமல் ஏதாவது ஒரு வேட்டைத் தடுப்பு முகாமில் வாச்சர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நிலுவையில் உள்ள வழக்குகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழக்கிலும் சாட்சி யார், அவர் அடுத்த ஆண்டு யாருடைய ஊழியராக இருப்பார் என்று சரகர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலையும் உங்கள் முடிவையும் தமிழில் எழுதி மார்ச் 31க்கு முன் சரக அலுவலக அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுங்கள். எனக்குத் தனியாகப் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வனச்சரக அலுவலர் ஒருவர்